இணைப்பில் மட்டும் உடைகிற குழாய்

பிப்ரவரி 2

அதுக்காக நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு சொல்றியா கண்ணு? நீயே நியாயத்தைச் சொல்லு. நம்ம துண்டுக்குள்ள தையல்காரர் மண்வெட்டியை விடுறார், நான் ஆண்டவனேன்னு பாத்துக்கிட்டு உக்காரணுமா? இரு, அதுக்கு வர்றேன். முதல்ல நீ எப்படி இருக்கே? இருமல் நின்னுச்சா? அந்த நர்ஸ் விடுதியில வயித்துக்கு ஒழுங்காப் போடுறாங்களா? இங்க நான், உன் அத்தான், அவன் பொண்டாட்டி, குழந்தை எல்லாரும் கடவுள் புண்ணியத்துல எழுந்து நடமாடுறோம். போன்ல பேசலாமேன்னு கேட்டிருந்தே. என் குரலுக்கு நான் போன்ல பேசினா தெருவே கேக்குது. கடிதம்னா உனக்கு மட்டும்.

ஊருக்குக் குழாய் போடுறோம்டி. நாங்களே போடுறோம். ஆபீஸ்காரங்க வந்தாங்க, அளந்தாங்க, சுண்ணாம்புக் கோடு போட்டாங்க, போயே போயிட்டாங்க. மழை வந்து கோடும் போச்சு. டீக்கடை அக்காதான் எல்லாரையும் கூட்டி வெச்சு, "அவங்களை நம்பினா நம்ம பேரன் பேத்தியும் லாரித் தண்ணிதான். மலையடி ஊத்து நம்மது, கையும் காலும் நம்மது, வெட்டுங்க"ன்னா. வழி பூராவும் பிரிச்சு வீட்டுக்கு ஒரு துண்டு. உன் துண்டை நீயே வெட்டணும், நீயே குழாய் பதிக்கணும், நீயே காவல் காக்கணும். எந்தத் துண்டு உடைஞ்சாலும் அந்த வீடு சரி பண்ற வரைக்கும் அந்த வீட்டுக்குத் தண்ணி கிடையாது. ரெண்டு துண்டு சேர்ற இடம் ஜாயிண்ட். அது யாரோடதுன்னு யாருக்கும் கேக்கத் தோணலை.

அதுலதான் சண்டை. அடுத்த துண்டுக்காரரான தையல்காரர் ஒரு சாண் நம்ம பக்கம் வந்துட்டார்னு உன் அத்தான் சொன்னான். "உன் சட்டைக்கே நான்தான்டா அளவு எடுக்கிறேன், நீ எனக்கு அளவு சொல்றியா?"ன்னார் அவர். இவன் தள்ளிவிட்டான். அவர் பள்ளத்துல விழுந்து, விழுந்த இடத்துலேருந்தே இவன் கெண்டைக்காலைக் கடிச்சுட்டார். பல்லு அப்படியே பதிஞ்சிருக்கு. நான் மஞ்சளை வெச்சுக் கட்டிட்டு சாமியைக் கும்பிட்டேன், வேறென்ன பண்றது.

உங்கப்பனும் அவன் துண்டை வெட்டினான். வெட்டிக்கிட்டே சிரிப்பு. "தண்ணி வராட்டிப் போகுது அக்கா, கிழங்கு நடலாம்"கிறான். அவனுக்கென்ன, குழாய் வந்தா அவன் தண்ணி லாரியை யார் தேடுவா? அவன் லாரியில ஏத்திட்டு வந்த கல்குவாரிக் குழித் தண்ணியைக் குடிச்சுத்தான் நம்ம குழந்தை ஆஸ்பத்திரியில துவண்டு கிடந்துச்சு. நான் அதைச் சொல்லிக் காட்டலை. கூடப்பிறந்தவனாச்சே. உன் படிப்பும் அந்த லாரிமேலதான் ஓடுது.

உடம்பைப் பாத்துக்கோ.
உன் அத்தை


பிப்ரவரி 17

அன்புள்ள அத்தைக்கு,

நலம். இருமல் போய்விட்டது. இங்கே வார்டில் பாதிப் படுக்கைகள் வயிற்றுப்போக்குக் குழந்தைகள்தான். ஒவ்வொன்றுக்கும் குளுக்கோஸ் ஏற்றும்போது நம் வீட்டுக் குழந்தை நினைவுக்கு வருகிறாள். குழாய் எப்படியாவது வந்துவிடட்டும். அத்தானிடம் கையை அடக்கச் சொல்லுங்கள். கடித்த இடத்தில் சீழ் வைத்தால் மஞ்சளோடு நிறுத்தாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்பா எனக்கு எழுதுவதே இல்லை. லாரி ஓடாவிட்டால் என்ன செய்வார்? அவரிடம் கோபமாகப் பேசாதீர்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 24

நல்லா இருக்கியாடி? நான் நல்லா இருக்கேன்னு எழுதினா அது பொய். மூச்சு இருக்கு, அவ்வளவுதான்.

தண்ணி வந்துச்சு. ஒரே ஒரு நாள். கண்ணாடி மாதிரித் தண்ணி. தெருவுல பொம்பளைங்க எல்லாம் குடத்தை விட்டுட்டுக் கையில ஏந்திக் குடிச்சோம். மறுநாள் நாங்க எல்லாம் வயல்ல இருக்கோம், மத்தியானம் வந்து குழாயைத் திறந்தா வெறும் காத்து. போய்ப் பாத்தா நமக்கும் தையல்காரருக்கும் நடுவுல இருக்கிற ஜாயிண்ட் நொறுங்கிக் கிடக்குது. யாரோ சுத்தியலால போட்டிருக்காங்க.

உன் அத்தான் கேள்வியே கேக்கலை. கையில குழாய் முடுக்குற ஸ்பேனர். நேரா தையல்காரர் கடைக்குப் போனான். அவர் மிஷின்ல குனிஞ்சு தைச்சுக்கிட்டு இருந்தார். "எழுந்திருடா நாயே"ன்னான். அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் முகத்துலேயே போட்டான். நான் பின்னாடியே ஓடினேன், வயசான கால் கண்ணு, எட்டலை. நான் உள்ள போனப்ப அவர் ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டு நிக்கிறார், விரல் சந்து வழியா ரத்தம் ஊத்துது, தைச்சுக்கிட்டு இருந்த வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு. அவர் சம்சாரம் என் முடியைப் பிடிச்சு மிஷின் மேல மோதினா. என் முன்பல் ஒண்ணு ஆடுது. அவமேல எனக்குக் கோபம் வரலை. நானா இருந்தாலும் மோதியிருப்பேன்.

வலது கண்ணு போச்சு. எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு, "தடுக்கிக் கல்லுல விழுந்தேன்"னு அவரே சொல்லிட்டாராம். "போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோயிட்டா என் பாக்கியை நான் எப்படித் தீக்கிறது"ன்னாராம் சம்சாரம்கிட்ட.

தினமும் விடியறதுக்குள்ள எழுந்து கும்பிடுறேன். எதைக் கேட்டுக் கும்பிடுறதுன்னுதான் தெரியலை. அவர் கண்ணுக்கா, இவன் உயிருக்கா?

நீ பத்திரமா இரு.
அத்தை


ஏப்ரல் 3

அன்புள்ள அத்தைக்கு,

கடிதத்தைப் படித்தேன். வார்டில் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் உடைத்தார் என்று யார் பார்த்தது? ஜாயிண்ட் உடைந்தால் இரண்டு வீட்டுக்கும்தானே தண்ணீர் போகாது? தன் தண்ணீரைத் தானே யாராவது உடைப்பார்களா?

அத்தானைக் கொஞ்ச நாள் எங்காவது அனுப்பிவிடுங்கள். உங்கள் பல் எப்படி இருக்கிறது? அப்பாவை விட்டுச் சமாதானம் பேசச் சொல்லுங்கள், அவர் பேச்சுக்கு ஊரில் மரியாதை உண்டே.

உங்கள் மருமகள்


மே 9

பதில் போட நாளாச்சு, வையாதே கண்ணு. பல் விழுந்துடுச்சு, போகட்டும். உனக்குச் சளி கிளி இல்லையே?

நீ கேட்டது சரியான கேள்விதான். தன் தண்ணியைத் தானே உடைப்பாங்களான்னு. அதை இந்த ஊர்ல ஒருத்தரும் கேக்கலை. எல்லாருக்கும் தெரிஞ்சது ஒண்ணுதான்: என் துண்டு என் உசுரு, பக்கத்துத் துண்டுக்காரன் என் எதிரி. அதுக்கப்புறம் வரிசையா உடைஞ்சுது. ஒரு தடவைகூடத் துண்டு உடையலை. ஜாயிண்ட்தான். மாவுமில்காரருக்கும் ஆட்டுக்காரிக்கும் நடுவுல உடைஞ்சுது. மறுநாள் ஆட்டுக்காரி பட்டியில எல்லா ஆட்டுக்கும் பின்னங்கால் நரம்பு வெட்டிக் கிடக்குது. ஒண்ணும் சாகலை கண்ணு, உக்காந்துக்கிட்டே கத்துதுங்க. அவளே அரிவாளை எடுத்து ஒவ்வொண்ணா முடிச்சு வெச்சா. முடிச்சுட்டு அதே அரிவாளோட மில்லுக்குப் போனா. மாவுமில்காரருக்கு இப்ப இடது கையில ரெண்டு விரல்தான். மில்லுக் கூரையும் எரிஞ்சுபோச்சு.

நம்ம வீட்டுக் கணக்கும் வந்துடுச்சு. உன் அத்தானை அனுப்பிடுன்னு எழுதியிருந்தே, அவன் போகலை. சந்தைக்குப் போற வழியில தையல்காரர் கண்ணுல கட்டோட நின்னாராம். "வா மாப்பிள்ளை, அளவு எடுக்கணும்"னாராம். துணி வெட்டுற பெரிய கத்தரி. இடது காது பாதி போச்சு. வெட்டின துண்டை அவரே கைக்குட்டையில சுத்தி என் வாசல்ல வெச்சுட்டு, "அக்கா, மீதி எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்கிறேன்"னு மரியாதையாச் சொல்லிட்டுப் போனார்.

டீக்கடை அக்கா அழறா. "நான் தண்ணி கொண்டுவரலாம்னு நினைச்சேன், ரத்தம் கொண்டுவந்துட்டேன்"கிறா. நான் அவளுக்கு ஆறுதல் சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆட்டுக்காரி வீட்டுப் பின்பக்கமாப் போனேன், நல்ல உச்சி வெயில், அங்க ஜாயிண்ட்கிட்ட... சரி விடு. அது ஒண்ணுமில்ல. வெயில்ல கண்ணு கூசுச்சு.

கடவுள் எல்லாருக்கும் புத்தியைக் கொடுக்கட்டும்.
அத்தை


மே 20

அத்தை,

எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசி இரண்டு கடிதங்களிலும் ஊரில் எல்லாரும் வருகிறார்கள், ஆடு வருகிறது, மாடு வருகிறது. அப்பா மட்டும் இல்லை. அந்த மத்தியானம் நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

உங்கள் மருமகள்


ஜூன் 22

உங்கப்பன் நல்லா இருக்கான். நல்லாச் சாப்பிடுறான். லாரி முன்னைக்கு மேல ஓடுது, உடைஞ்ச குழாய்க்காரங்க எல்லாம் அவன்கிட்டதானே வாங்கியாகணும். வேற ஒண்ணும் கேக்காதே.

உன் உடம்பு எப்படி? பரீட்சை எப்ப?

கூட்டம் போட்டோம். நான் எந்திரிச்சேன். எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கமா என்ன? "இனிமே யாரும் அவங்கவங்க துண்டைக் காக்க வேணாம்"னேன். "பின்ன யாரு, உங்க சாமியா வந்து காக்கும்?"னு மாவுமில்காரர் நக்கல் பண்ணார். "இல்லய்யா, பக்கத்து வீட்டுக்காரன் காக்கட்டும். அதுவும் ஜாயிண்டை. எங்க ஜாயிண்டைத் தையல்காரர் காக்கட்டும். உடைஞ்சா அவர்தான் பொறுப்பு. அவருக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல இருக்கிறதை என் மகன் காப்பான். யாருக்கு யார்மேல வெறியோ அவங்க கையில எதிராளி ஜாயிண்டைக் குடுங்க"ன்னேன்.

உன் அத்தான், "அம்மாவுக்குப் பல்லோட மூளையும் விழுந்துடுச்சு"ன்னான். தையல்காரர்தான் ஒத்தைக் கண்ணால என்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "சரி. நான் காக்கிறேன். கடையை மூடிட்டு மத்தியானம் பூரா அங்கேயே உக்காந்து பட்டன் தைக்கிறேன்"னார். டீக்கடை அக்கா எழுதிக்கிட்டா. உங்கப்பன் கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான்.

கண்ணு, ஒரு காரியம் பண்ணு. உங்கப்பனுக்கு ஒரு கடிதம் எழுது. மத்தியான வெயில்ல எங்கேயும் அலையாதேப்பான்னு எழுது. வேற ஒண்ணும் எழுத வேணாம், அதை மட்டும் எழுது. நான் சொல்லிப் பாத்துட்டேன். நீ சொன்னா கேப்பான். உடனே எழுது.

அத்தை


ஜூலை 1

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொன்னபடியே அப்பாவுக்கு எழுதிவிட்டேன். காரணம் கேட்காமல் எழுதினேன். காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

அவர் பதில் போடவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை. எனக்கு அம்மாவும் இல்லை.

உங்கள் மருமகள்


ஜூலை 28

பதறாதே. உங்கப்பன் லாரிப் படியிலேருந்து தவறி விழுந்துட்டான். வலது கால் முழங்காலுக்குக் கீழ முறிஞ்சுது. கட்டுப் போட்டிருக்கு. உயிருக்கு ஒண்ணுமில்ல. லாரியும் இப்ப இல்ல, தீப்பிடிச்சுப்போச்சு. உன் படிப்பைப் பத்திக் கவலைப்படாதே, அதுக்கு நான் இருக்கேன். பரீட்சையை விட்டுட்டு வராதே.

அத்தை


ஆகஸ்ட் 8

மகளுக்கு,

நல்லா இருக்கியா. நான் படுத்த படுக்கை. லாரியிலேருந்து விழுந்தேன்னு உனக்கு எழுதியிருக்கிறதா அக்கா சொன்னா. நான் எதுலேருந்தும் விழலை. தெரு நடுவுல ஊர் பாக்கக் கடப்பாரையால என் காலை உடைச்சது உங்க அத்தை. வேற யாரும் இல்ல. உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு எழுதுறேன். லாரியை எரிச்சது ஊர்.

நீ எழுதின கடிதம் வந்துச்சு. வெயில்ல அலையாதேன்னு. படிச்சேன்.

அப்பா


ஆகஸ்ட் 15

அப்பாவின் கடிதம் வந்தது.

அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு கண், ஒரு காது, மூன்று விரல், ஒரு பட்டி ஆடு, எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம் என்றே இருக்கட்டும். அடிக்க ஊரே இருந்தது. போலீஸ் இருந்தது. அவரைத் தூக்கி வளர்த்த நீங்களா கடப்பாரையைத் தூக்கவேண்டும்? அடித்துவிட்டு, விழுந்துவிட்டார் என்று எனக்கு எழுதுகிறீர்கள். தினமும் விடியுமுன் எழுந்து எந்தக் கடவுளைக் கும்பிடுகிறீர்கள்?

நான் எலும்பு முறிவு வார்டில்தான் இருக்கிறேன் இப்போது. கடப்பாரை விழுந்தால் எலும்பு எப்படி இருக்கும் என்று தினம் பார்க்கிறேன்.


செப்டம்பர் 12

கேளு. நல்லாக் கேளு. நீ கடிதத்துல அத்தைன்னுகூட எழுதலை. பரவாயில்ல. இதை மட்டும் முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கிழிச்சுப் போடு.

அந்த உச்சி வெயில்ல ஆட்டுக்காரி வீட்டுப் பின்னாடி நான் பாத்தது உங்கப்பனைத்தான். கையில சுத்தியல். லாரி அந்தப் பக்கம் நிக்குது, தண்ணி ஊத்த வந்த மாதிரி. என்னைப் பாத்தான். "அக்கா, நீ பாக்கலை"ன்னான். நான், "பாக்கலை"ன்னுட்டுத் திரும்பி வந்துட்டேன். மாட்டுக்குக்கூடத் தண்ணி காட்டலை. துண்டை உடைச்சா துண்டுக்காரன் காவல் போடுவான். ஜாயிண்டை உடைச்சா ரெண்டு வீடும் ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கும். அவன் குழாயை உடைக்கவே இல்ல கண்ணு, எங்களை உடைச்சான். அவனுக்கு எங்களை அவ்வளவு நல்லாத் தெரியும்.

ஊருக்குச் சொன்னா அன்னிக்கே கொன்னுருப்பாங்க. சொல்லாம இருந்தா தையல்காரரும் உன் அத்தானும் ஒருத்தரை ஒருத்தர் கொன்னுருப்பாங்க. அதனாலதான் கூட்டத்துல அப்படிப் பேசினேன். ஆள் உக்காந்திருந்தா அவன் வரமாட்டான், உடையாது, எல்லாம் தானா அடங்கிடும்னு என் புத்திக்குப் பட்டுச்சு. அவன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன், "வேணாம்டா, தையல்காரர் உக்காந்திருக்கார்"னு. "ஒத்தைக் கண்ணன் என்னத்தைப் பாப்பான், வெயில்ல தூங்கிடுவான்"னு சிரிச்சான். உன் கடிதமும் வந்துச்சு. அதுக்கும் அடங்கலை.

தையல்காரர் தூங்கலை. மடியில சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். இவன் சுத்தியலை ஓங்கினதும் மேல விழுந்து பிடிச்சுக்கிட்டுக் கத்தினார். அவ்வளவுதான், தெருவே வந்துடுச்சு. நான் வந்தப்ப இவனை டீக்கடை முன்னாடி உக்காரவெச்சுக் கையைப் பின்னாடி கட்டியாச்சு. வாய் கிழிஞ்சிருக்கு. ஆட்டுக்காரி அரிவாளோட நிக்கிறா, "என் ஆடு உக்காந்த மாதிரி இவனும் உக்காரட்டும்"கிறா. அந்தப் பக்கம் லாரியைக் குப்புறத் தள்ளித் தீ வெச்சுட்டாங்க, டயர் வெடிக்குது, கரும்புகை. டீக்கடை அக்கா, "வேணாம் வேணாம், போலீசுக்குச் சொல்லியாச்சு"ன்னு தொண்டை கிழியக் கத்துறா, யார் காதுலயும் ஏறலை. போலீஸ் வர்ற தூரம் உனக்குத் தெரியும். அதுக்குள்ள மூணு பேரைக் கொல்லலாம். தையல்காரர் இவன் முடியைப் பிடிச்சுத் தலையை நிமிர்த்திக் கத்தரியைக் கண்ணுக்கு நேரா வெச்சுட்டார். உன் அத்தான் கடப்பாரையோட வர்றான். நான் பெத்த பிள்ளை, அவன் மூஞ்சியே எனக்கு அடையாளம் தெரியலை. தலையிலதான் போட வந்தான்.

நான் குறுக்க விழுந்து அந்தக் கடப்பாரையைப் பிடுங்கினேன். "இவன் என் தம்பி. அம்மா செத்தப்புறம் இவனைத் தூக்கி வளர்த்தவ நான். இவனை அடிக்கிறதுன்னா நான்தான் அடிப்பேன். நான் அடிச்சப்புறம் எவன் தொட்டாலும் என்னையும் சேர்த்துக் கொல்லணும்"னு கத்தினேன். அந்தக் குரல் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலை. தையல்காரர் கத்தரியை விலக்கவே இல்ல. "சும்மா தட்டிட்டு விட்டுடுவே அக்கா. எலும்பு சத்தம் என் காதுக்குக் கேக்கணும்"னார்.

கேட்டுச்சு கண்ணு. எல்லாருக்கும் கேட்டுச்சு. பச்சை மரம் முறிஞ்ச மாதிரி. இவன் கத்தலை. ஆட்டுக்காரிதான் "ஐயோ"ன்னா. தையல்காரர் கத்தரியைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு, வீட்டுக்குப் போனார். அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க. யாரும் யார் முகத்தையும் பாக்கலை. உன் அத்தான் அங்கேயே உக்காந்து வாந்தி எடுத்தான்.

எந்தக் கடவுளைக் கும்பிடுறேன்னு கேட்டிருந்தே. அன்னிக்கு நான் யாரையும் கும்பிடலை, நேரமில்ல. அப்புறமும் கொஞ்ச நாள் கும்பிட வரலை. இப்பத்தான் மறுபடி உக்காருறேன்.

அதுலேருந்து ஒரு ஜாயிண்டும் உடையலை. தண்ணி வருது. உங்கப்பன் வீட்டுக் குழாயிலயும் வருது. அவன் ஜாயிண்டையும் சேர்த்துக் காக்கிறது உன் அத்தான். நான்தான் தினமும் சாப்பாடு கொண்டுபோறேன். சுவத்தைப் பாத்துக்கிட்டுச் சாப்பிடுறான், என்கூடப் பேசறதில்ல. தட்டை மட்டும் கழுவி வெச்சிருக்கான், அந்தக் காலை இழுத்துக்கிட்டு.

நீ வா. வந்து என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. அவன் கால் வளைஞ்சு சேர்ந்துட்ட மாதிரி இருக்கு, உனக்குத்தான் அதெல்லாம் தெரியும், வந்து பாரு. மழைக்காலம் வருது, தலையை நனைச்சுக்காதே. ஆண்டவன் உன்னை நல்லா வெச்சிருக்கட்டும்.

அத்தை

இரு, ஒட்டிட்ட உறையைப் பிரிச்சு எழுதுறேன். இவ்வளவு நாளா இது எப்படி எனக்கு ஞாபகம் வராம போச்சுன்னு தெரியலை. அவன் ரெண்டு காலையும் மடக்கித்தான் உக்காந்திருந்தான் கண்ணு. நான் கடப்பாரையை ஓங்கினப்ப என் முகத்தைப் பாத்தான். பாத்துட்டு, வலது காலை அவனேதான் நீட்டினான்.